இருநூறு மணித்தியாலத் தொண்டு

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் கணினியில் கிடந்த ஒரு பழைய படிவத்திலிருந்து பிறந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். இதுவரை மூன்று சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறேன். மூன்றையும் வாசித்தவர்களை ஒன்றாகக் கூட்டினாலும் அந்த ஒரு பக்கப் படிவத்தை வாசித்தவர்களின் தொகைக்கு வராது. சொல் சொல்லாக வாசித்தார்கள். பக்கத்துக் காம்பராவுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினார்கள். அதில் இல்லாத பொருளையும் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட வாசகர்கள் வேண்டும் என்று என் முன்னுரைகளில் ஏங்கியிருக்கிறேன். கிடைத்தபோது பயமாக இருந்தது.

என் பெயர் கோபிசங்கர். ஊர் யாழ்ப்பாணம். பத்தொன்பது வருடமாக ஹட்டனில் தமிழ் படிப்பிக்கிறேன். இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பதை ஏழாவது வருடத்தோடு நிறுத்திவிட்டேன். மனைவி ரஜனி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவார். நான் அவரை வாசலில் விட்டுவிட்டு வெளியே நின்று பத்திரிகை வாசிப்பேன். திருச்சபைக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அதற்குள் இவ்வளவு சேதம் செய்ய முடிந்திருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பனி போர்த்திய மலைகளின் மடியில், கொழுந்துக் கூடையின் பாரத்தில் முதுகு வளைந்த அந்தப் பெண்—"

விட்டுவிட்டேன். ஷாமிலாவின் முதுகு வளையவில்லை. அவள் கொழுந்து பறிப்பவளும் இல்லை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் உதவியாளர். வயது முப்பத்துநான்கு. வீடு லயத்தில்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்குக் காம்பரா என்று பெயர், காம்பராவுக்கு ஒரு குடும்பம். (அவள் என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.) பனி இருந்தது உண்மை. ஆனால் பனிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

"'மகளே, உன்னை அழைக்கிறேன்' என்றது ஒரு குரல். ஷாமிலா திடுக்கிட்டு எழுந்து—"

இதுவும் சரிவரவில்லை. அப்படி ஒரு குரலும் கேட்கவில்லையாம். நானே அவளிடம் விசாரித்தேன்.

"கொரலெல்லாம் ஒண்ணுமில்லங்க சேர். எங்க லயத்துல ஆறு டிவி ஓடுது. ஆண்டவரே வந்து கூப்பிட்டாலும் காதுல விழாது" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று ஷாமிலாவை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதே வாசலால், கழுத்தில் வெள்ளைப் பட்டி போட்ட யாரோ ஒரு குருவானவர், யாரையோ பார்க்க, ஒரு தலையசைப்போடு உள்ளே போனார். அம்மா மூன்று மணிக்கு இறந்துபோனார். மகளுக்கு நாலரைக்குச் சொன்னார்கள். அவர்களுடைய தேவாலயத்துப் போதகருக்கோ பார்த்துக்கொள்ள ஆறு தோட்டங்கள். இந்தத் தோட்டத்துக்கு மாதத்தில் இரண்டாம் ஞாயிறுதான் வருவார்.

"சாவு ரெண்டாவது ஞாயித்துக்கெழமையா பாத்து வருமா சேர்?" என்று கேட்டாள் ஷாமிலா. "லயத்துலயே இருக்கிற ஒருத்தர் வேணும். வாசல்ல நிக்க வைக்க முடியாத ஆளா இருக்கணும். அதுக்குத்தான் படிக்கிறேன்."

அப்படி ஓர் ஆளுக்குத் திருச்சபையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: திருத்தொண்டர். டீக்கன் என்றும் சொல்வார்கள். போதகருக்கு ஒரு படி கீழே. நோயாளி, விதவை, பசித்தவர், செத்தவர் எல்லாரும் அவருடைய பொறுப்பு. மற்ற எல்லாம் போதகரின் பொறுப்பு.

3

திருத்தொண்டர் பயிற்சி இரண்டு வருடம். பழைய காலத்தில் விடுதியில் போய்த் தங்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே படிக்கலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஹட்டனில் வகுப்பு, மிச்சம் வீட்டில். வகுப்பு ரஜனி போகும் தேவாலயத்தில்; ஷாமிலாவை எனக்கு அப்படித்தான் தெரியும். அதற்கான கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். வழவழப்பான தாள். "உங்கள் இல்லத்தில் அமைதியான ஒரு மூலையைத் தெரிவு செய்து, அதைத் தியானத்துக்கும் வாசிப்புக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்" என்று அதில் போட்டிருக்கிறது.

ஷாமிலாவின் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு நான்கு மூலைகள் என்பதை மறுக்க முடியாது. ஒன்றில் கட்டில், ஒன்றில் காஸ் சிலிண்டர், ஒன்றில் டிவி, நான்காவதில் மாமியார் வேலாயியும் அவருடைய முருகன் படமும். மாமியாரும் முருகனும் இடம் மாறுவதாக இல்லை. எனவே ஷாமிலா அரிசி வாளியின் மூடிமேல் கொப்பியை வைத்து இறையியல் எழுதினாள்.

"என்னாடி எழுதுற?"

"கட்டுர அத்த. தொண்டுன்னா என்னான்னு எழுதணும்."

"எந்திரிச்சி அந்தச் சோத்துச் சட்டிய எறக்கி வையி. அடி புடிக்குது."

(இதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி எந்த இறையியல் கல்லூரியிலும் கிடையாது என்று இங்கே ஒரு வரி எழுதி, மிகவும் ரசித்து, அடித்துவிட்டேன். நான் ரசித்துக்கொண்டிருந்தபோது அவள் கருகிய சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.)

வேலாயி என்ற பாத்திரத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். மருமகள் கிறிஸ்தவர், மாமியார் சைவம், காம்பரா ஒன்று. இதில் ஒரு கொடுமைக்கார மாமியாரை வைத்தால் கதை தானாக ஓடும் என்று பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவரும் சொன்னார். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். அதில் வேலாயி கொப்பியை அடுப்பில் போடுகிறார். ஆனால் உண்மையான வேலாயி, லயமே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று, "எங்க மருமக பாதரா ஆகப்போறா. இனி எங்க வீட்டுக்கு வர்றவங்க செருப்பக் கழட்டிட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதர் இல்லை, டீக்கன் என்று ஷாமிலா திருத்தியிருக்கிறாள். "ரெண்டும் வெள்ளச் சட்டதானே" என்று முடித்துவிட்டார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கொடுமை எழுதுவது?

4

இனி என் படிவம்.

இரண்டாம் வருட முடிவுக்குள் ஒவ்வொரு மாணவரும் இருநூறு மணித்தியாலத் தொண்டு செய்து முடிக்க வேண்டும் என்பது விதி. செய்ததற்குச் சாட்சியாக, தொண்டைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த விதியை வகுத்தவர்கள் ஒரு லயத்தில் ஒரு நாள் இருந்திருந்தால் அதை எழுதவே வெட்கப்பட்டிருப்பார்கள். அங்கே ஒரு வீட்டில் சாவு என்றால் குழி வெட்டுவதற்கு ஆள் தேடுவதில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதுபோல எல்லாரும் போகிறார்கள். பிரசவம் என்றால் பக்கத்துக் காம்பராவில் கொதிக்கிற தண்ணீர் இந்தக் காம்பராவுக்கு வருகிறது. அதை எவரும் மணிக்கணக்கில் அளந்ததில்லை. திருச்சபை அளக்கச் சொன்னது.

அந்த ஆறு தோட்டங்களுக்கும் போதகரான கிஷாந்த், கந்தப்பளைக்காரர், நல்ல இளைஞர், என்னிடம் வந்து, "சேர், தமிழ்ல அழகா ஒரு பாரம் அடிச்சித் தாங்க. நீங்க எழுத்தாளர்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்கு நான் எதையும் அடித்துக் கொடுப்பேன்.

படிவத்தை நான் புதிதாகச் செய்யவில்லை. போன பெருமழையில் மண் சரிந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் குடும்பங்கள் தங்கியிருந்தன. அப்போது நிவாரணத்துக்காக நான் தயாரித்த பட்டியல் கணினியில் கிடந்தது. தலைப்பை மாற்றினேன். "சேதத்தின் தன்மை" என்ற நிரலை அழித்து, "செய்த தொண்டு" என்று போட்டேன். "லய இலக்கம்", "அடையாள அட்டை இலக்கம்", "குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை" ஆகிய மூன்றையும் அழிக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். மறக்கவில்லை. ரஜனி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதென்னப்பா, செபம் பண்ணிறதுக்கும் அடையாள அட்டை நம்பர் வேணுமோ?"

"ஒரு ஒழுங்குக்குத்தான். வெறுமையாக் கிடந்தா வடிவில்லை."

அதுதான் உண்மை. மூன்று நிரலை எடுத்தால் பக்கம் மெலிந்து தெரிந்தது. தேவையில்லாததைப் போட்டுப் பக்கத்தை நிரப்புகிறேன் என்றுதான் என் நடையைப் பற்றி விமர்சகர்களும் சொல்கிறார்கள். போதகரும் வாசித்துப் பார்த்து, "நல்லா ஒழுங்கா இருக்கு சேர்" என்றார்.

5

முதல் மாதம் ஷாமிலாவுக்கு ஒன்பது மணித்தியாலம்தான் கிடைத்தது. வேலை நிறையச் செய்தாள். கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை. தண்ணீர் தூக்கிக் கொடுத்ததற்குக் கையெழுத்துக் கேட்பவளை லயம் அதுவரை கண்டதில்லை. காலில் ஆறாத புண்ணோடு கிடந்த வீரய்யா என்ற பெரியவருக்கு, பயிற்சிக்கெல்லாம் முன்னாலிருந்தே அவள்தான் தினமும் கட்டு மாற்றிவந்தாள். அவரிடம் படிவத்தை நீட்டியபோது, "நீ வந்து போறதுக்கு நா சைன் வைக்கவா? நீ என்ன வெளியாளா? போ புள்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கால் கடைசிவரை கணக்கில் வரவில்லை.

பிறகு அழகுமுத்து படிவத்தைப் பார்த்தார். அவர் தோட்டத் தலைவர்; தொழிற்சங்கத்தின் ஆள்; கடுதாசி வாசிப்பதில் தோட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடியைப் போட்டு, தலைப்பைத் தாண்டி, நேராக நிரல்களுக்குப் போனார். லய இலக்கம். அடையாள அட்டை இலக்கம். குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை. வாசித்து முடித்துப் படிவத்தை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை அவருடைய மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஷாமிலா உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியூர் வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. மழைக்குப் பிறகு அந்த லயத்தின் பின்சுவர் வெடித்திருந்தது. தனி வீடு தருவதாகச் சொல்லி நான்கு தடவை பெயர் எழுதிப் போனார்கள். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், நிரல்கள் மட்டும் ஒன்று. நான்கு தடவையும் யாராவது வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எழுதினார்கள், விடுபட்டவர்கள் விடுபட்டதுதான். ஆகவே குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கும் தாளுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான். தொண்டு கிண்டு என்று மேலே எழுதியிருப்பது மேலிடத்துத் தந்திரம். சபை மூலமாக வீடு வருகிறது, ஆனால் வெளியே சொல்லக் கூடாதாம். இப்படி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வந்த முடிவை ஷாமிலாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் காரியம் கெட்டுவிடும் அல்லவா?

ஒரு வாரத்துக்குள் அந்த லயத்தில் தொண்டு தேவைப்படாத ஆளே இல்லை. நல்ல திடகாத்திரமான பெண்கள் தலைவாரிவிடச் சொன்னார்கள். மின்சார பில்லை உரத்து வாசித்துக் காட்டச் சொன்னார் ஒருவர். அவர் மகள் உயர்தரம் படிக்கிறாள். இந்த வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம், அந்த வீட்டுக்கு மூன்றா என்று பீலியடியில் சண்டை வந்தது. "எங்களுக்குக் கொஞ்சம் கூடவே போட்டுக்கம்மா, நாங்க ஏழு பேரு" என்று ஒருவர் சொன்னதை ஷாமிலா தாழ்மை என்று புரிந்துகொண்டாளாம்.

"சனங்க மனசு மாறிருச்சி சேர்" என்று என்னிடம் வந்து சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. நானும் மகிழ்ந்தேன். போதகர் தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகம் தன் செய்திமடலில் அவளுடைய படத்தைப் போட்டது.

6

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன்.

லெட்சுமி என்ற இளம் தாயின் குழந்தைக்குக் கடுங் காய்ச்சல். ஷாமிலா தன் கணவன் துஷாந்தின் ஆட்டோவில் இருவரையும் ஏற்றிக் கீழே கூட்டிப்போய், ஐந்து மணித்தியாலம் கூட இருந்து, மருந்தோடு கூட்டிவந்தாள். அது உண்மையான தொண்டு. அதில் எனக்கோ உங்களுக்கோ சந்தேகம் வேண்டாம். லயத்து வாசலில் இறங்கியதும் லெட்சுமி படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நம்ம பேரு எத்தனாவதா இருக்கு? வீடு மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? எனக்கு எதுன்னாலும் சரிதான், செவரு மட்டும் வெடிக்காம இருந்தாப் போதும்."

அந்த ஒரு நொடியில் ஷாமிலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைவாரியது, பில் வாசித்தது, பீலியடிச் சண்டை, எல்லாம். அப்போது அவளிடம் நூற்று அறுபத்திரண்டு மணித்தியாலம் இருந்தது. இன்னும் முப்பத்தெட்டு வேண்டும். மூன்று வாரம் இருந்தது. தவறினால் அடுத்த பயிற்சி எப்போது என்று திருச்சபைக்கே தெரியாது.

முதல் வரைவில் அவள், "இல்ல லெட்சுமி, இது வீட்டு லிஸ்ட் இல்ல" என்று உடனே சொல்லிவிடுகிறாள். நல்ல பெண். கதை அங்கேயே படுத்துவிடுகிறது.

இரண்டாம் வரைவில், "மூணாவது பேரு ஒன்னோடது" என்கிறாள். இது அவளுக்கு நான் செய்யும் அநியாயம். கிழித்துவிட்டேன்.

மூன்றாம் வரைவில் அவள் வாய் திறக்கும்போது குழந்தை வீறிட்டு அழுகிறது. என் கதைகளில் இக்கட்டான இடங்களில் குழந்தைகள் தவறாமல் அழும். அன்று அந்தக் குழந்தை ஊசி போட்ட களைப்பில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நடந்ததை அவளே அடுத்த சனிக்கிழமை, வகுப்பு முடிந்து, எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"'பாப்போம்'னு சொல்லிட்டேன் சேர்."

"அதில என்ன பிழை பிள்ளை? வீடு தாறன் எண்டு நீர் சொல்லேல்லைத்தானே."

"சொல்லல. ஆனா அவ சிரிச்சிக்கிட்டே உள்ள போனா."

நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். "இன்னும் எத்தினை மணித்தியாலம்?"

"முப்பத்தெட்டு."

"அப்ப அதை முடிச்சுப்போட்டு ஆறுதலாச் சொல்லலாம். இப்ப சொன்னா இவ்வளவு காலமும் பட்ட பாடு வீண்."

சொன்னவன் நான். அதைப் படிவத்தைப் போலவே ஒழுங்காகச் சொன்னேன். குசினியிலிருந்து ரஜனியின் குரல் வந்தது. "உங்கட கடதாசியால வந்த வினை. நீங்களே போய் அந்தச் சனத்துக்குச் சொல்லுங்கோவன்." போகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை வந்துவிட்டது. (உண்மையிலேயே வந்தது. நேர அட்டவணை வேண்டுமானால் காட்டுகிறேன்.)

ஷாமிலா மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு மணித்தியாலத்தையும் முடித்தாள். தலைவாரினாள், பில் வாசித்தாள், கையெழுத்து வாங்கினாள். இந்த முறை தெரிந்தே வாங்கினாள். எனக்கு இந்தக் கதையிலேயே எழுதக் கைவராத வரி இதுதான். அவளை எனக்குப் பிடிக்கும்.

7

கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. தலைவி ஒரு சிங்கள அம்மையார்; தோட்டத்தில் அப்படிப்பட்டவரை நோனா என்பார்கள். வெள்ளைச் சேலை, அமைதியான பேச்சு. ஒருவரைத் திருத்தொண்டராக ஏற்கும் முன், அவர் யாருக்குத் தொண்டு செய்யப் போகிறாரோ அந்த மக்களிடமே, 'இவர் உங்களுக்குத் தகுந்தவரா?' என்று கேட்பது சபையின் பழைய வழக்கம். ஷாமிலா வீட்டிலிருந்தே படித்தவள் என்பதால், வீட்டைச் சுற்றியிருப்பவர்களையே கேட்போம், சைவரோ வேதக்காரரான கிறிஸ்தவரோ எல்லாரும் வரட்டும் என்று குழு முடிவெடுத்தது. நல்ல முடிவு. நான் எழுதும் கதையாக இருந்தால் இப்படி ஒரு வசதியான முடிவை எடுக்கக் கூச்சப்பட்டிருப்பேன்.

முப்பது பேர் இருக்கக்கூடிய தோட்டத்துத் தேவாலயத்தில் அறுபது பேர் வந்தார்கள். நல்ல சேலை, தேய்த்த சட்டை. எல்லார் கையிலும் பொலித்தீன் பை. பைக்குள் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி. போதகர் அவற்றைப் பாட்டுத் தாள்கள் என்று நினைத்து மனமுருகி நின்றார். ஷாமிலா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நான்தான் மொழிபெயர்ப்பாளர், அரச ஊழியருக்கான சிங்களப் பரீட்சை சித்தியடைந்தவன்.

தலைவி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "இந்தப் பெண்மணியைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அழகுமுத்து எழுந்தார்.

"வணக்கமுங்க. பொம்பள நல்ல பொம்பள. கொற சொல்ல ஒண்ணுமில்ல. இருநூறு மணித்தியாலமும் நாங்க எல்லாரும் ஒத்துழைச்சி, ஒழுங்கா செய்யவிட்டோம். எங்க பக்கத்து வேல முடிஞ்சிருச்சி. வீடு எப்பன்னு அந்த நோனாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சேர்."

அறுபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இங்கே கதையை நிறுத்தி உங்களுக்கு மூன்று மொழிபெயர்ப்புகள் தரலாம்.

(அ) 'வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்.' சரியான மொழிபெயர்ப்பு. ஷாமிலாவின் இரண்டு வருடம் அதோடு சரி.

(ஆ) 'எனக்கு விளங்கவில்லை.' அழகுமுத்து இன்னும் உரக்கச் சொல்லுவார்.

(இ)

(இ)யைத்தான் சொன்னேன். அவளுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். படிவம் யாருடையது என்ற கேள்வி வராமலிருக்கவும் சொன்னேன். "இவர் எப்போது திருத்தொண்டர் ஆவார் என்று ஆவலோடு கேட்கிறார்" என்று அழகான சிங்களத்தில் சொன்னேன். இலக்கணச் சுத்தமான வாக்கியம். தலைவி புன்னகைத்தார். குறிப்பு எழுதினார்.

அழகுமுத்து உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சிங்களம் பரீட்சைக்குப் படித்தது. இவர்களுடையது சந்தையில், பஸ்ஸில், பொலிஸில், ஆஸ்பத்திரி வரிசையில் பிறந்ததிலிருந்து பேசுவது. அறுபது பேருக்கும், ஆறு வயதுப் பிள்ளை உட்பட, நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக விளங்கிவிட்டது. இவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று குழு கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் இங்கே இருந்த நானும் கேட்கவில்லை. சேருக்குக் கதிரை போட்டிருக்கிறார்களே என்று மரியாதைக்காக அவர்கள் சும்மா இருந்தார்கள்.

அழகுமுத்து மெதுவாக உட்கார்ந்தார். "சேர் ஏங்க இப்படி?" என்று மட்டும் கேட்டார். கோபம்கூட இல்லை.

ஷாமிலா எழுந்தாள்.

"நோனா, ஏக்க நெவெய் எயா எஹுவே" என்றாள். அவர் கேட்டது அதல்ல என்றாள். பிறகு அவர் கேட்டது என்ன, ஏன் கேட்டார், தாளில் என்ன இருந்தது, லெட்சுமி என்ன கேட்டாள், தான் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. பாரத்தில் பிழை இருந்தது, தான் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அதைத் தாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு திரும்பி, தன் சனத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"வீடு இல்லீங்க. இந்தப் பேப்பருக்கும் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மூணு வாரமா எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே ஒங்ககிட்ட கையெழுத்து வாங்குனேன். லெட்சுமி, ஒங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு அந்த எடம் வேணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

8

பொலித்தீன் பைகள் சரசரத்தன. யாரோ ஒரு பெண் கலியாணப் பதிவை எடுத்து, மடிப்புக் கலையாமல் திரும்ப உள்ளே வைத்தாள். லெட்சுமி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். வேலாயி முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார்; யாரையும் பார்க்கவில்லை.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். வழக்கம் வழக்கம்தான், கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்த முறை எழுந்து நின்று, மேசையைச் சுற்றி முன்னால் வந்து, சனத்தைப் பார்த்து நேராகச் சிங்களத்தில் கேட்டார்.

"இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். உங்கள் வீட்டில் சாவு என்றால், நோய் என்றால், இந்தப் பெண் வரப்போகிறாள். இவள் உங்களுக்கு வேண்டுமா?"

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர்கள் பதில் சொன்னார்கள். நீண்ட பதில் இல்லை. அவர்களே சொன்னார்கள், தலைவிக்கு நன்றாக விளங்கியது. நானும் அங்கேதான் இருந்தேன், கேட்டேன்.

அதை இங்கே எழுத மூன்று முடிவுகள் செய்து பார்த்தேன். ஒன்றில் லெட்சுமி ஓடிவந்து ஷாமிலாவைக் கட்டிக்கொள்கிறாள். வாசகர் கண் கலங்குவார். இன்னொன்றில் அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போகிறார்கள்; விமர்சகர் மகிழ்வார். மூன்றாவதில் வேலாயி ஒரு வார்த்தை சொல்லி எல்லாரையும் சிரிக்கவைக்கிறார். பத்திரிகை நடத்தும் நண்பருக்கு அதுதான் பிடித்தது. மூன்றும் நன்றாகவே வந்திருக்கின்றன. எனக்கு வாக்கியம் எழுத வரும்.

ஆனால் அந்தத் தேவாலயத்தில், அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் சொல்லாத ஒரு வாக்கியத்தை அவர்கள் வாயில் ஒரு தடவை வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை வைக்க எனக்கு உரிமை இல்லை. அவர்கள் சொன்ன உண்மையான பதிலையே எழுதினாலும், என் கையால் வந்தால் நீங்கள் நம்ப வேண்டிய அவசியமில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன்.

அதனால் நீங்கள் எழுந்திருங்கள். அறுபது பேரில் ஒருவராக நில்லுங்கள். உங்கள் பின்சுவர் வெடித்திருக்கிறது. வீடு வரும் என்று நம்பி வந்தீர்கள். இல்லை என்று இப்போதுதான் கேட்டீர்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது ஐந்து மணித்தியாலம் கூட இருந்தவள், உங்களை மூன்று வாரம் ஏமாற்றியவள், இரண்டு பேரும் ஒரே ஆளாக உங்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். நோனா கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள். நான் மொழிபெயர்க்க மாட்டேன்.